சிங்க் ஆகாத முகவரி

டெல்லி முனிர்காவில் எங்கள் அலுவலகம் இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒருவர் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். படிக்கட்டு முழுவதும் கரிப்புகையும் சூடேறிய பருத்தித் துணியின் வாசனையும் நிறைந்திருக்கும். மாலையில் அந்தப் படிகளில் ஏறி வரும் களப்பணிப் பெண்கள், வந்ததும் தண்ணீர் கேட்க மாட்டார்கள். கைப்பையைத் திறந்து, உள்ளங்கையளவே இருந்த கையடக்கக் கணினியை எடுத்து, என் மேசையோரம் வரிசையாக வைத்திருந்த ஸ்டாண்டுகளில் ஒன்றில் பொருத்துவார்கள். பச்சை விளக்கு எரியும். அது எரிந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவதும் தண்ணீர் குடிப்பதும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. கைப்பேசி எல்லாருடைய கைக்கும் வந்துவிடவில்லை. காசநோயாளிகளுக்கு மருந்து கிடைக்கவும், கிடைத்த மருந்தை அவர்கள் பாதியில் விட்டுவிடாமலிருக்கவும் உதவிய சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் நான் தரவுத்தளத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் பல ஆண்டுகள் ஒரு தனியார் நிறுவனத்தில் சம்பளப் பட்டியல்களுக்கு நிரல் எழுதியவள். கணவருக்கு மத்திய அரசு வேலை. குடியிருப்பு கிட்வாய் நகரில். மகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியதும் சம்பளம் குறைவாக இருந்த இந்த வேலைக்கு மாறினேன். எண்களையே பார்த்துவந்த எனக்கு, எண்களுக்குப் பின்னால் இருமுகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். அப்படி எதுவும் தெளிவாக நினைத்ததாக இப்போது நினைவில்லை.

எங்கள் ஏற்பாடு எளிமையானது. நோயாளிகள் அனைவரின் விவரங்களும் அலுவலகத்திலிருந்த சர்வரில் இருக்கும். காலையில் ஒவ்வொரு பெண்ணின் கருவியிலும் அவர் நடக்கப்போகும் சந்துகளில் வசிக்கும் நோயாளிகள் மட்டும் இறங்குவார்கள். மற்றவர்களின் பெயர்கூட அவர் கண்ணில் படாது. கம்பியும் அலைவரிசையும் எட்டாத சந்துகளுக்குள் அவர் அதைக் கொண்டு செல்வார். தன் கண்ணெதிரே மாத்திரை விழுங்கியவர், விழுங்காதவர், வீட்டில் இல்லாதவர் என்று ஒவ்வொன்றாகப் பதிவார். மாலையில் ஸ்டாண்டில் வைத்ததும் அன்று அவர் பார்த்ததெல்லாம் சர்வருக்கு ஏறும். நாங்கள் அதைச் சிங்க் என்றோம். பெண்கள் அதை மிஷினுக்குச் சோறு ஊட்டுவது என்றார்கள்.

அந்த விவரங்களைப் பூட்டிவைப்பதில்தான் என் நேரத்தில் பெரும்பகுதி போயிற்று. கருவிக்குள் எல்லாம் சங்கேதமாகத்தான் இருக்கும். கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தவறாகத் தட்டினால் கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இத்தனையும் எதற்கு என்று எங்களைக் கேட்டவர்கள் உண்டு. முன்பு காகித அட்டைகளில் எழுதிய காலத்தில், சமையல் வேலை செய்த ஒரு பெண்ணின் சிகிச்சை அட்டை அவள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு வீட்டில் நழுவி விழுந்தது. மாலைக்குள் அந்தத் தெருவில் அவள் வேலை செய்த அத்தனை வீடுகளும் அவளை நிறுத்திவிட்டன. வேலை போனதும் அவள் மருந்துக்கும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் தலைமை மருத்துவர் காகிதமே கூடாது என்று முடிவெடுத்தார். அவர் முடிவு சரி என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அந்தக் கருவிகளில் ஒரு குறை இருந்தது. சார்ஜ் அடியோடு தீர்ந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். நகத்தளவு அட்டை ஒன்றைச் செருகி அதில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. ஆனால் அட்டையை யார் வேண்டுமானாலும் உருவி வேறு கருவியில் போட்டுப் பார்க்கலாம் என்பதால் அது வேண்டாம் என்று கூடிப் பேசி விட்டுவிட்டோம். தினமும் மாலையில் ஸ்டாண்டுக்கு வரப்போகும் கருவிக்குப் பிரதி எதற்கு?

எங்கள் பெண்களில் ஒருவர் மட்டும் தமிழர். சின்னசேலம் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்தவர். தெற்கு டெல்லியில் ஒரு நாலாவின், அதாவது பெரிய சாக்கடைக் கால்வாயின், கரையில் இருந்த தமிழர் குடிசைப் பகுதியில் குடியிருந்தார். அங்கேயே நோயாளிகளைப் பார்க்கும் வேலையும் அவருடையது. முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். ஆனாலும் அவரை நீங்கள் என்றுதான் அழைப்பேன். பயிற்சி நாளில் எல்லாரையும் சோதிப்பதற்காக, கருவியை யார் கேட்டால் கொடுப்பீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

"யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன் மேடம்."

"உங்க வீட்டுக்காரர் கேட்டா?"

"எங்கூட்டுக்காரரு டிவி ரிமோட்டையே கேக்க மாட்டாரு. நாந்தான் மாத்தி வெக்கணும். மிஷினையா கேக்கப்போறாரு?"

மற்ற பெண்களுக்கு அதை இந்தியில் சொன்னபோது அறையே சிரித்தது. "போலீஸ்காரர் கேட்டா?" என்று ஒருத்தி சீண்டினாள். "பெஹன், போலீஸ்காரன் கேட்டா பர்ஸத்தான் கேப்பான்" என்று தன் இந்தியில் பதில் கொடுத்துவிட்டுத் தானும் சிரித்தார். பயிற்சியில் நான் சொன்னதை எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். அவர் அதை வேண்டுதலைப்போல் எடுத்துக்கொண்டார். கருவியைப் பூப்போட்ட துணிப்பையில் வைத்து, அந்தப் பையைப் புடவைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டுதான் பேருந்தில் ஏறுவார்.

அவருடைய சந்துகளில் ஓர் இளம்பெண் இருந்தாள். கணவன் விட்டுப் போனவள். நான்கு வயதில் ஒரு மகள். கிட்வாய் நகர்க் குடியிருப்புகளில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைப்பவள். என் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளியிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீடும் அவள் வேலை செய்த வீடுகளில் ஒன்று. காய்கறி வண்டிக்காரரிடம் அந்த வீட்டு அம்மாளும் நானும் பல நாள் நின்று பேசியிருக்கிறோம். அந்த இளம்பெண் எங்களைக் கடந்து போகும்போது நான் அவளை அறியாதவளைப்போல இருக்கப் பழகிக்கொண்டேன். சர்வரில் எல்லாருடைய பெயரையும் பார்க்க முடிந்தவள் என்பதால், வெளியே யாரையும் பார்க்காதவளாக இருக்க வேண்டியிருந்தது.

அவள் முன்பு ஒருமுறை மருந்தைப் பாதியில் விட்டவள். இருமல் நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைத்துவிட்டாள். நோய் திரும்பியபோது, இடுப்பு ஊசிகளோடு நீண்ட சிகிச்சையை மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று. மருத்துவர் அவளிடம் ஒளிக்காமல் சொன்னார்: இந்த முறையும் நடுவில் அறுந்தால், இந்த மாத்திரைகள் இனி உன் உடம்பில் வேலை செய்யாது, வேலை செய்யக்கூடிய வேறு மருந்து நம் கையில் இல்லை. அதைத் தமிழில் அவளுக்குச் சொன்னவர் எங்கள் களப்பணியாளர். அன்று முதல் ஒரு நாள்விட்டு ஒரு நாள் விடியற்காலையில் அவள் குடிசைக்குப் போய், எதிரே உட்கார்ந்து, அவள் விழுங்கி முடித்து வாயைத் திறந்து காட்டும் வரை இருந்துவிட்டு வருவார். ஊசிகள் முடிந்திருந்தன. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. இன்னும் சில மாதங்கள் அறுபடாமல் போனால் பிழைத்துவிடுவாள் என்ற நிலை.

தை பிறந்த சமயம், மூடுபனி மதியம்வரை விலகாத நாட்களில், குடிசைகளை இடிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. இப்படிப் பலமுறை வந்து போயிருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த முறை புல்டோசர்கள் வந்துவிட்டன.

அன்று நான் அங்கே இல்லை. பிறகு அவர் சொன்னவற்றைக் கொண்டு எழுதுகிறேன். அவர் அலுவலகத்தில் கருவியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் வீடு போய்விட்டிருந்தது. தகரப்பெட்டியும் அடுப்பும் இரண்டு பிள்ளைகளும் சாலையோரத்தில். கணவரை அவற்றுக்குக் காவல் வைத்துவிட்டு, புழுதிக்குள் நடந்து தன் நோயாளிகளை ஒவ்வொருவராகத் தேடியிருக்கிறார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டுக் கருவியில் தட்டியிருக்கிறார். பையில் இருந்த மாத்திரைகளை ஆளுக்கு ஒரு வாரத்துக்கு என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார். ரேஷன் கார்டு வைத்திருந்த பலருக்கு நகரத்தின் வடமேற்கு ஓரத்தில் மனை தருவதாகச் சொல்லி லாரிகளில் ஏற்றினார்கள். அந்த இளம்பெண்ணிடம் கார்டு இல்லை. யமுனைக்கு அப்பால் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

"மருந்துக்கு நாங்க வருவோம். நீ எங்கயும் அலையாத. வேற சென்டருக்குப் போனா பேப்பர் கேப்பான், உன்ன நாலு பேரு பாப்பாங்க. அங்கயே இரு" என்று எங்கள் களப்பணியாளர் அவளிடம் சொல்லியிருக்கிறார். வேறு மையத்துக்குப் போவதானாலும் பழைய மையத்தின் மாற்றல் தாள் வேண்டும் என்பது உண்மைதான். அதை நாங்கள் வாங்கிக் கொடுத்திருக்க முடியும். முகவரி மட்டும் கைக்கு வந்திருந்தால் போதும்.

அடுத்த நாள் அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு மூலையில் இடிப்பைப் பற்றி நான்கு வரிகள் வந்திருந்தன. நான் போய்ப் பார்த்தேன். கரை முழுவதும் செங்கல் தூள். உடைந்த கலர்ப் பிளாஸ்டிக் குடங்கள். ஒரு சுவர் மட்டும் நின்றது. அதில் ஒட்டிய காலண்டரில் முருகன் படம். கேட்க ஆள் இல்லை. அலுவலகத்துக்குத் திரும்பியபோது, களப்பணிப் பெண்களில் ஒருத்தி இந்தியில், "மதராஸ்காரி எங்கேயும் ஓடிப்போக மாட்டா தீதி, மிஷினோட கல்யாணம் ஆனவ" என்றாள். நகைச்சுவையாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மதியம் தொலைபேசி மணி அடித்தது.

"மேடம், நாந்தான். மிஷின் பத்திரமா இருக்குது."

"நீங்க பத்திரமா இருக்கீங்களா? பசங்க?"

"இருக்கறோம். பிளாட்டு குடுக்கறன்னு லைன்ல நிக்க வெச்சிருக்கான். ஆளு இல்லன்னா பேரை அடிச்சுடுவானாம். ரெண்டு நாளு, வந்துடறேன்."

"எல்லாரும் எங்க போனாங்கன்னு..."

"எல்லாம் ஏத்திட்டேன் மேடம். இங்க பேச முடியாது. பூத்துல ஆளுங்க நிக்கறாங்க."

சார்ஜ் என்ற சொல் என் வாயில் இருக்கும்போதே இணைப்பு அறுந்தது. நோயாளிகளைப் பற்றிப் பொது இடத்தில் தொலைபேசியில் பேசக்கூடாது என்பதும் எங்கள் விதிகளில் ஒன்று. அவர் அதையும் மறக்கவில்லை.

இரண்டு நாள் காத்திருக்க எனக்கு மனமில்லை. அவரிடம் இருந்தது தொலைந்திருக்கலாம் என்று ஒரு சார்ஜரை எடுத்துக்கொண்டு மறுநாளே கிளம்பினேன். மூன்று பேருந்து மாற வேண்டியிருந்தது. கடைசிப் பேருந்தில் ஏறியவர்களில் பாதிப் பேர் என்னைப்போலவே யாரையோ தேடிப் போனவர்கள். அறுவடை முடிந்த வயலின் கட்டாந்தரையில் சுண்ணாம்பால் கோடு இழுத்து, கோட்டுக்குள் கோடாக, பாய் விரிக்கும் அகலத்துக்கு மனைகள் பிரித்திருந்தார்கள். மூங்கிலும் நீலப் பிளாஸ்டிக் ஷீட்டும். தண்ணீர் லாரி நின்ற இடத்தில் மட்டும் சேறு. எங்கிருந்தோ இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பனிக்காலத்தில் எல்லாரும் இருமுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கை விறைத்திருந்தது. "டீ போட அடுப்பு இல்ல மேடம்" என்றார், அது ஒரு குற்றம்போல. பிறகு ஷீட்டுக்குள் குனிந்து, அரிசி டின்னுக்குள் கைவிட்டு, பூப்போட்ட பையை வெளியே எடுத்தார். அதற்குமேல் இரண்டு பிளாஸ்டிக் கவர்கள், ரப்பர் பேண்ட். ஒவ்வொன்றாகப் பிரித்து என்னிடம் நீட்டினார். நான் பொத்தானை அழுத்தினேன். திரை இருண்டே இருந்தது.

"தூங்குது மேடம். சார்ஜ் போயிடும்னு நான் எழுப்பவே இல்ல."

எழுப்பாமலிருந்தாலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் என்பதை நாங்கள் பயிற்சியில் சொல்லியிருக்கவில்லை. தினமும் மாலையில் ஸ்டாண்டுக்கு வருகிற கருவியைப் பற்றி அதைச் சொல்லத் தேவையும் எழவில்லை. சாலைமுனையில் ஒரு மளிகைக்கடையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே போகலாம் என்றேன். நடக்கும்போது அவர் சொல்லிக்கொண்டு வந்தார்.

"எங்கையில இருந்த சார்ஜரப் பாத்து இந்தக் கடைக்காரன் அன்னிக்கே சொன்னான், சொருகிட்டுப் போ, சாயந்திரம் வந்து எடுத்துக்கன்னு. வுட்டுட்டு எப்பிடிப் போறது மேடம்? அதுல எத்தினி பேரு இருக்காங்க. சரி, பக்கத்துலயே நின்னு ஏத்திக்கலாம்னு சொருகினேன். சொருகி நிக்கறேன், லைன்ல எம்பேரக் கூப்புடறான். புடுங்கிக்கினு ஓடினேன்."

"வீட்டுக்காரர் வேலைக்கு முனிர்கா பக்கம்தானே வரார்? அவர்கிட்ட..."

"அவரே கேட்டாரு. குடு, நான் கொண்டாந்து மேடம்கிட்ட குடுக்கறேன்னாரு." நின்று என் முகத்தைப் பார்த்தார். "நான் குடுப்பனா?"

கடைக்காரர் ஒரு மூட்டையை நகர்த்தி இடம் தந்தார். செருகியதும் சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரை வெளுத்தது. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அடுத்து நடுவில் ஒரு சிறிய கூட்டல் குறி தோன்றியது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் ஒவ்வொரு கருவியும் என்னிடம் முதலில் காட்டிய திரை அது.

"இது இன்னா கேக்குது?"

"தொடச் சொல்லுது."

அவர் தொட்டார். குறி மூலைக்கு நகர்ந்தது. அங்கேயும் தொட்டார். ஒவ்வொரு மூலையாகப் பொறுமையாகத் தொட்டு முடித்துவிட்டு, "அப்பறம்?" என்றார்.

நான் சொன்னேன். இயன்றவரை மெதுவாகவும், குறைந்த சொற்களிலும். அவர் அழவில்லை. கடைக்காரரின் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "மத்தவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க மேடம். நடந்து பாத்துடலாம். அந்தப் பொண்ணுதான்..." என்றார்.

"அண்ணன் வீடு எங்கன்னு சொன்னா?"

"ஆத்துக்கு அந்தாண்ட. காலனி பேரு, பிளாக்கு, கல்லி நம்பரு, எல்லாம் ஒரு துண்டுச் சீட்டுல இந்தியில எழுதி வெச்சிருந்தா. ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்துத் தட்டினேன். மிஷின்ல ஏறிடுச்சேன்னு மனசுல வெச்சுக்கல."

"அந்தச் சீட்டு?"

"கிழிச்சு நாலாவுல போட்டேன். பேப்பர் வெக்கக்கூடாதுன்னு."

அன்று மாலைக்குள் அந்தச் சுண்ணாம்புக் கோடுகளுக்குள் அவருடைய நோயாளிகளில் அநேகமாக எல்லாரையும் கண்டுபிடித்துவிட்டோம். இன்னும் ஓரிருவர் ஊருக்குப் போயிருந்தார்கள். உறவினர் மூலம் செய்தி சொல்ல முடிந்தது. அந்த இளம்பெண் ஒருத்திதான் நாங்கள் பிடிக்க முடியாத இடத்தில் இருந்தாள். கொடுத்த மாத்திரை ஒரு வாரத்துக்குத்தான்.

அவள் வேலை செய்த வீட்டில் கேட்பதென்று முடிவு செய்தேன். கேட்டால், ஏன் கேட்கிறேன் என்று சொல்லியாக வேண்டும். எங்கள் நிறுவனம் எதற்காக இயங்குகிறது என்று அந்த வீட்டு அம்மாளுக்குத் தெரியும். ஒரு சொல் பிசகினாலும் அவர் ஊகித்துவிடுவார். அவள் பிழைத்துத் திரும்பினாலும் அந்தத் தெருவில் அவளுக்கு வேலை இருக்காது. பலமுறை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, தக்காளி வாங்கும் பையோடு அவர் வாசலில் போய் நின்றேன்.

"வாங்க, வாங்க. அபூர்வமா இருக்கே."

"உங்க வீட்ல வேலை செஞ்சாளே, அந்தப் பொண்ணு இப்ப வர்றதில்லையா? எங்க வீட்டுக்கு ஒரு ஆள் வேணும்."

"அவளா! சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டா. பொங்கலுக்குப் புடவை வாங்கிண்டு அப்பறம் மூஞ்சியே காட்டலை. இப்ப ஒரு பீஹார்க்காரி வரா. ஜல்தி ஜல்தின்னு அரைகுறையாத் தேய்ச்சுட்டு ஓடறா." குரலைத் தாழ்த்தினார். "ஏன், உங்காத்துலயும் ஏதாவது எடுத்துண்டு போயிட்டாளா?"

"இல்லை, அப்படியெல்லாம் இல்லை."

"நம்ப முடியாது. ஆனா கை சுத்தம், அதைச் சொல்லணும். அப்பப்ப இருமுவா. நான்தான் மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுப்பேன்."

"அவ அண்ணன் எங்க இருக்கார்னு சொல்லியிருக்காளா?"

"அண்ணனா? அவளுக்கு அண்ணன் இருக்கறதே நீங்க சொல்லித்தான் தெரியும்." என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காய்கறிக்காரர் சொன்னார் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. காப்பி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டேன்.

யமுனைக்கு அப்பால் நானும் களப்பணியாளரும் பல ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தோம். அண்ணன் பெயிண்ட் அடிப்பவர் என்பது மட்டும் அவர் நினைவில் இருந்தது. தமிழ்ப் பெயிண்டர்கள் குடியிருந்த சந்துகளாகத் தேடிப் போனோம். மகளோடு ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாளா என்று கேட்டால், கதவுக்குப் பின்னாலிருந்து பதில் கேள்வி வந்தது: நீங்க சர்வேயா, கோர்ட்டா? குடிசைகள் இடிபட்ட அந்தக் குளிர்காலத்தில், யார் எங்கே குடியேறினார்கள் என்று அந்நியருக்குச் சொல்ல எவரும் தயாராக இல்லை. ஏன் தேடுகிறோம் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார்கள். அதைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

பிறகு வெயில் வந்தது. எல்லாக் கருவிகளிலும் நகத்தளவு அட்டையைச் செருகினோம். அதையும் சங்கேதப்படுத்த எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. தலைமை மருத்துவர் என் வேலையைப் பாராட்டினார். சர்வரில் அந்த இளம்பெண்ணின் பெயருக்கு எதிரே, பல வாரங்கள் மருந்து எடுக்காதவர்களுக்கு வரும் குறி தானாகவே வந்திருந்தது.

சித்திரை முடியும் நேரத்தில் ஒரு முற்பகலில் அவளே படியேறி வந்தாள். இஸ்திரிக்காரரின் புகை பட்டு, பாதிப் படியில் உட்கார்ந்து இருமிவிட்டு, மறுபடி எழுந்து வந்தாள். கன்னத்தில் பிடித்திருந்த சதை போய்விட்டிருந்தது. பக்கத்தில் மகள், கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டுடன். களப்பணியாளர் அன்று அலுவலகத்தில்தான் இருந்தார். அவள் அவரிடம் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"ஏன்க்கா வரல?"

அவர் நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தார்.

"நீ வருவேன்னு மருந்து நாளுல வாசல்லயே குந்தியிருப்பேன். அண்ணி கேக்கும், யாருக்குடி காத்துக்கினு இருக்கற, ஓடிப்போனவன் வரப்போறானான்னு. கல்லி நம்பரத் தப்பாச் சொல்லிட்டனோன்னு பயந்துட்டேன். வெளிய போனா அந்த நேரம் பாத்து நீ வந்துடுவியோன்னு வேலைக்குக்கூடப் போவல."

"தப்பாச் சொல்லல. நீ சரியாத்தான் சொன்ன" என்றார் களப்பணியாளர்.

அவள் சளியைச் சோதனைக்கு எடுத்தார்கள். முடிவு வர அப்போதெல்லாம் வெகுநாள் ஆகும். வந்தபோது, மருத்துவர் முன்பு சொல்லியிருந்ததுதான் அதில் இருந்தது. முக்கியமான மாத்திரைகள் எதற்கும் நோய் கட்டுப்படவில்லை. வேறு வகை மருந்துகளைச் சில பெரிய மருத்துவமனைகளில் மிகக் குறைந்த பேருக்கு மட்டும் கொடுத்துவந்தார்கள். அந்தப் பட்டியலில் அவளைச் சேர்க்க நாங்கள் ஒவ்வோர் அறையாக ஏறி இறங்கினோம். மகளுக்கு நோய் இல்லை என்று தெரிந்தது. அண்ணனிடமும் அண்ணியிடமும் அவளே சொன்னாள். அவர்கள் அவளை விரட்டவில்லை என்பதை இங்கே எழுத வேண்டும். மாடியில் தனியாகத் தகரம் போட்டுக் கொடுத்தார்கள். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒருநாள் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து அவளும் களப்பணியாளரும் நானும் பேருந்துக்கு நின்றிருந்தோம். காற்று எங்கள் பக்கம் வராதபடி அவள் தள்ளி நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"கிட்வாய் நகர் வூட்டம்மாகிட்ட போனீங்களாமே. என் நோவச் சொல்லலியே?"

"சொல்லல. எங்க வீட்டு வேலைக்கு வேணும்னு கேட்டேன்."

கண்கள் மட்டும் சிரித்தன. "உங்க வூட்ல எத்தினி பேரு?"

"மூணு பேர்தான்."

"மூணு பேரு பாத்திரத்துக்கு ஆளு எதுக்கு? நீங்களே தேய்ச்சுக்கலாம்." இருமல் அடங்கும்வரை நின்றாள். "சும்மா சொன்னேன் மேடம். ஆடி போவட்டும், வரேன்."

பட்டியலில் அவள் பெயர் ஆவணியில் ஏறியது. மருந்து மையத்தில் வந்து சேர்வதற்குள் அவள் இல்லை. அவள் அண்ணன் அலுவலகத்துக்கு வந்து, மீதியிருந்த சத்து மாத்திரைகளை ஒரு பையில் போட்டு என் மேசைமேல் வைத்தார். சுவருக்குப் பெயிண்ட் அடித்த கையோடு வந்திருந்தார். விரல்களில் வெள்ளை காய்ந்திருந்தது. இன்னொருவருக்கு உதவும் என்று வைத்ததாகச் சொன்னார்.

ஒருவர் இறந்துவிட்டால் அதை நான்தான் சர்வரில் பதிய வேண்டும். அன்று மாலை களப்பணிப் பெண்கள் வந்து கருவிகளை ஸ்டாண்டுகளில் வைக்கும்வரை அதைச் செய்யாமல் இருந்தேன். பச்சை விளக்குகள் எரிந்து அணைந்தன. எல்லாரும் கீழே போன பிறகு பதிந்தேன். மறுநாள் காலை எங்கள் தமிழ்க் களப்பணியாளரின் கருவியில் அன்றைய பெயர்கள் இறங்கின. அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை மெல்ல நகர்த்திப் பார்த்தார். பிறகு கருவியைப் பையில் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு, புதிய இடத்துக்குப் போகும் முதல் பேருந்தைப் பிடிக்கப் படியிறங்கினார்.